மலையடிவாரத்து முதலாளி

மாம்பழத்துக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் இரும்பாலைக்கும் பெயர் பெற்ற சேலம், ஒரு காலத்தில் பேசும் படத்துக்கும் பெயர் பெற்றிருந்தது. நடிப்பாசை கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்ட இளைஞர்கள் அந்நாளில் சென்னைக்கு மட்டும் ரயிலேறவில்லை. சேலம் ஜங்ஷனிலும் இறங்கினார்கள். இறங்கியவர்கள் ஏற்காடு மலையைப் பார்த்து நடந்தார்கள். அந்த மலையின் அடிவாரத்தில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிகளில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. அதை உருவாக்கியவர் திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர் செய்த முதல் முயற்சிகளையே வரிசையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம், தமிழின் முதல் இரட்டை வேடப் படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்று அந்த வரிசை நீளும். அந்தப் பெருமைகளை நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவருடைய வாழ்க்கையில், புகழ்கிறவர்கள் சட்டென்று கடந்து போய்விடுகிற ஓர் ஆண்டு உண்டு. அது 1945. அந்த ஆண்டில் அவர் எடுத்த 'பர்மா ராணி' என்ற போர்ப் படத்தைப் பற்றிச் சற்று நின்று பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். சினிமா மாணவர்களைக் கெடுக்கும் என்று கருதும் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. இது சினிமாவைப் பற்றியது மட்டுமன்று.

சுந்தரம் 1907ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பிறந்தார். திருச்செங்கோடு அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். அர்த்தநாரீசுவரர் மலையைச் சுற்றிய அந்த ஊரில் தறியோசை கேட்காத தெரு அக்காலத்தில் குறைவு. சுந்தரத்தின் குடும்பம் நூலும் துணியும் அறிந்த, வசதி படைத்த முதலியார் குடும்பம். பிள்ளையை நெசவுத் தொழில்நுட்பம் படிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தபோது, கம்பளி ஆலைகளுக்குப் பெயர்போன லீட்ஸ் நகரத்துக்கே அனுப்பினார்கள்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் கைராட்டையையும் கதரையும் பரப்பிக்கொண்டிருந்தார். சீமைத் துணியைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் ஊருக்குப் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே ஊர்ப் பிள்ளை சீமைக்கே போய் ஆலைத் தொழில் படித்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காலத்தின் பெருங்குரல் ஒரு பக்கம் அழைக்கும்போது தன் தொழிலின் வழியே மறுபக்கம் நடக்கிற சுபாவம் அவரிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்காகச் சொன்னேன். 1945இல் இதே சுபாவத்தை மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

படிப்பை முடித்துத் திரும்பியபோது கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அவருடைய மனைவியாக இருந்தார். சீமையிலிருந்து பட்டத்தோடும் வெள்ளைக்கார மனைவியோடும் ஒருவர் திரும்பி வந்தால் அக்காலச் சிற்றூர் என்ன பேசியிருக்கும் என்பதை நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்து அவர் ஓர் ஆலை தொடங்குவார் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ பேசும் படத்தின் பக்கம் திரும்பினார்.

தமிழ் பேசும் படம் அப்போது தவழும் குழந்தை. 'காளிதாஸ்' வெளிவந்தது 1931இல். தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு வசதி இல்லாததால், படம் எடுக்க விரும்பியவர்கள் நடிகர் குழுவையும் பக்கவாத்தியக்காரர்களையும் சமையற்காரரையும் அழைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திவந்தார். அவரோடு சுந்தரம் பங்காளியாகச் சேர்ந்தார். திரௌபதி வஸ்திராபஹரணம், துருவன், நல்லதங்காள் என்று 1934, 1935 ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் படங்கள் வந்தன. எல்லாம் நாடக மேடைக்குப் பழகிய புராணக் கதைகளும் நாட்டார் கதைகளும்தான். படத் தொழிலின் வரவு செலவை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுவே.

பிறகு அவர் செய்த காரியம்தான் பெரிது. எங்கோ போய்ப் படமெடுத்துக் கொண்டுவருவதைவிட, படம் எடுக்கும் இடத்தையே சேலத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று நினைத்தார். 1930களின் நடுவில் ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. அதன் முதல் படமான 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது.

ஏன் சேலம்? ஊர்ப்பற்று ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வேறு காரணங்களும் தெரியும். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கும் மலையாளக் கரைக்கும் போகும் ரயில் பாதை சேலம் வழியாகத்தான் போகிறது. மைசூர்ச் சீமை மேற்கிலும் வடக்கிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காடு வேண்டுமா, அருவி வேண்டுமா, பாறை வேண்டுமா, எல்லாம் படப்பிடிப்பு நிலையத்தின் கொல்லைப்புறத்தில். அரசகுமாரன் குதிரையில் விரைய வேண்டுமானால் மலைச்சாரல் இருக்கிறது. கொள்ளையர் ஒளிய வேண்டுமானால் குன்றுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னையின் பிடுங்கல்கள் இல்லை. வந்த நடிகர் இங்கேயே தங்க வேண்டும். தங்கினால் வேலை நடக்கும்.

சேலத்தின் இந்த அமைப்பு மலையாளத் திரையுலகுக்கும் பயன்பட்டது. நொட்டாணி இயக்கிய 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படமாக 1938 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு மொழியின் முதல் பேச்சு அந்த மொழி வழங்காத ஊரில், நம் சேலத்தில், ஒலிப்பதிவு செய்யப்பட்டது. கேரளத்தவர் தங்கள் திரைப்பட வரலாற்றை எழுதும்போதெல்லாம் சேலத்தின் பெயரை எழுதியாக வேண்டும். நம்மவர்தான் மறந்துபோனோம்.

நெசவு படித்தது வீணாயிற்றா என்று கேட்டால், இல்லை என்பேன். அவர் கட்டியது கலைக்கூடம் என்பதைவிட ஆலை என்றே சொல்ல வேண்டும். கதை இலாகா, படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவு, படத்தைக் கழுவும் கூடம், வெட்டித் தொகுக்கும் அறை, தச்சுப் பட்டறை, தையலறை, நடிகர் தங்கும் இடம் என யாவும் ஒரே மதிலுக்குள். ஒருபுறம் பாவு ஓட, மறுபுறம் துணி இறங்குவதுபோல, ஒரு கதை எழுதப்படும்போதே இன்னொரு படம் தளத்தில் இருக்கும். மூன்றாவது படம் கொட்டகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும். தொழில்நுட்பக்காரர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளம் வாங்கினார்கள். நேரம் தவறுவதை அவர் பொறுக்கமாட்டார். அங்கே பணிபுரிந்து பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்றவர்கள் பலரும் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி அந்தக் கட்டுப்பாடுதான். அவர்களுக்கு அவர் முதலாளி. அந்தச் சொல்லில் அச்சமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. சம்பள நாள் தவறாத இடம் திரையுலகில் எத்தனை இருந்தன?

1940இல் அவரே இயக்கிய 'உத்தம புத்திரன்' வந்தது. பி. யு. சின்னப்பா நல்லவனும் கெட்டவனுமாக இரண்டு வேடங்களில் நடித்தார். இரும்பு முகமூடி மனிதனைப் பற்றிய பிரெஞ்சுக் கதையிலிருந்து எடுத்த கரு அது. 1942இல் 'மனோன்மணி'. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகம், நம் தமிழ் வகுப்புகளில் பாடமாக இருப்பது, திரைக்கு வந்தது. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். பாடப்புத்தகத்தில் கிடந்த நாடகம் ஒன்றை டிக்கெட் வாங்கிப் பார்க்கும்படி செய்தவர் ஆலை முதலாளி ஒருவர் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் நினைவில் கொள்ளட்டும்.

அந்த 1942ஆம் ஆண்டில்தான் போர் தமிழர் வீட்டு வாசலுக்கு வந்தது. ஜப்பானியர் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தார்கள். மார்ச் மாதம் ரங்கூன் விழுந்தது. பர்மாவில் பிழைத்துவந்த இந்தியர் லட்சக்கணக்கில் புறப்பட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். மற்றவர் காட்டு வழியே, மலை வழியே, அஸ்ஸாம் எல்லையை நோக்கி நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் ஆயிரமாயிரம். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். இங்கிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்களோ எதிர்த்திசையில், அதே பர்மாவுக்குப் போனார்கள். கட்டாயப்படுத்தாமல் தாமாகச் சேர்ந்தவர்களைக் கொண்டே இந்திய ராணுவம் போர் முடிவில் சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியிருந்தது. மதராஸ் சாப்பர்ஸ் படையினர் பர்மாக் காடுகளில் பாலம் கட்டிப் பாதை போட்டார்கள். அதே காட்டின் மறுபக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ் இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். தமிழனுக்கு எதிரே தமிழன்.

படத் தொழிலையும் போர் பிடித்தது. கச்சாப் பிலிம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவது. ஜெர்மானியச் சரக்கு நின்றுபோயிற்று; மற்றது கப்பலில் வந்தால் உண்டு. அரசாங்கம் அதைப் பங்கீடு செய்தது. 18,000 அடி, 20,000 அடி என்று பாட்டும் கூத்துமாக நீண்டுகொண்டிருந்த படங்கள் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று ஆயிற்று. அரிசிக்கு அட்டை வாங்கிய மாதிரி பிலிமுக்கு உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமம் வழங்கும் சர்க்கார், போர் முயற்சிக்கு ஆதரவான படங்களையும் எடுத்துத் தரச் சொன்னது. சென்னையில் கே. சுப்பிரமணியம் 'மானசம்ரக்ஷணம்' எடுத்தார். ஜெமினி 'கண்ணம்மா என் காதலி' எடுத்தது. சேலத்தில் சுந்தரம் எடுத்தது 'பர்மா ராணி'.

கதை இதுதான். ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் இந்திய விமானப்படை வீரர்கள் மூவர் விமானம் விழுந்து சிக்கிக்கொள்கிறார்கள். எதிரியின் கண்ணில் படாமல் அவர்கள் தப்பி மீள வேண்டும். அதற்கு ராணி என்ற பெண் உதவுகிறாள். ராணியாக கே. எல். வி. வசந்தாவும் கதாநாயகனாக ஹொன்னப்ப பாகவதரும் நடித்தார்கள். பட முதலாளியே வில்லன் வேடம் போட்டுக்கொண்டார். ஜப்பானிய ராணுவ அதிகாரியாகத் திரையில் வந்தவர் டி. ஆர். சுந்தரம்தான். புராணத் தாடியும் கிரீடமும் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு விமானமும் உளவும் துப்பாக்கியும் புதுமையாக இருந்தன. பர்மாவையே ஏற்காடு அடிவாரத்தில் கட்டினார்கள். இந்த வேலைக்கு அந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் தென்னாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்ற போராட்டம் மூண்டு, தலைவர்கள் சிறையில் கிடந்தார்கள். அந்நேரத்தில் வெள்ளையர் சர்க்காரின் போருக்கு ஆதரவாகப் படம் எடுத்தது சரியா? அவரை அறிந்து மதிப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கிறார்கள். மதியாதவர்கள் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

பிலிம் இல்லாவிட்டால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் அந்த மதிலுக்குள் மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்களின் அடுப்பு நிற்கும். சுந்தரம் தறியை நிறுத்த மனமில்லாதவர். இது ஒரு வாதம். இதற்கு எதிர்வாதமும் உண்டு. எத்தனையோ பேர் வேலையையும் படிப்பையும் துறந்து சிறை சென்ற காலம் அது. தொழில் நடக்க வேண்டும் என்பது யாருக்கும் கிடைக்கக்கூடிய சாக்கு. என் கணிப்பைச் சொல்கிறேன். 'பர்மா ராணி' எடுத்ததை நான் பெருமையாகக் கொள்ளவில்லை. ஆனால் அதைத் துரோகம் என்றும் சொல்லமாட்டேன். ஜப்பானியரால் வீடிழந்து காட்டு வழியே நடந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் நம் ஊர்களில் உயிரோடு இருந்தன. அவர்களுடைய கண்ணில் திரையில் வந்த வில்லன் பொய்யான வில்லன் அல்லன். சர்க்காரின் பிரசாரமும் மக்களின் துயரமும் ஓரிடத்தில் சந்தித்த படம் அது. பாதி உண்மை பேசிய படம் என்று சொன்னால் சரியாக இருக்கும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளியின் மகன் அந்தப் படத்தில் இடம்பெறவே முடியாது. அது பேசாத மறுபாதி.

காலமும் விரைந்து மாறியது. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத் தளபதிகள் மீது விசாரணை தொடங்கியதும் நாடே அவர்கள் பக்கம் நின்றது. ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானியரை எதிர்த்த வீரனுக்குக் கை தட்டிய அதே கொட்டகை, ஆண்டு முடிவில் நேதாஜியின் பெயருக்குக் கை தட்டியது.

இன்னொன்றும் நினைக்கத் தோன்றுகிறது. 'பர்மா ராணி'யின் கதை, வீரர் தப்பித்து மீள்வதோடு முடிகிறது. மீண்டு வந்த பிறகு என்ன? போர் முடிந்தபின் லட்சக்கணக்கான சிப்பாய்கள் கலைத்து அனுப்பப்பட்டார்கள். தகரப் பெட்டியோடு ஊர் திரும்பியவர்களைப் பட்டாளத்துக்காரர் என்ற ஒரே பெயரால் ஊர் அழைத்தது. நிலம் இல்லாதவர்க்கு நிலம் வந்துவிடவில்லை. தூர தேசத்தில் பார்த்ததைச் சொன்னால் கேட்பவர்க்குப் புரியவில்லை.

இதே நிலையை அமெரிக்கர் உடனே படமாக்கினார்கள். 1946 நவம்பரில் வில்லியம் வைலர் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' வந்தது. ஒரே சிறு நகரத்துக்கு மூன்று வீரர்கள் திரும்புகிறார்கள். ஒருவர் வங்கி அதிகாரி. பழைய நாற்காலி காத்திருக்கிறது, ஆனால் அதில் மனம் ஒட்டவில்லை. ஒருவர் விமானப்படையில் அதிகாரியாயிருந்து பதக்கம் வாங்கியவர். ஊரில் கிடைப்பது மருந்துக் கடையில் பழைய சில்லறை வேலை. மூன்றாமவர் இரு கைகளையும் இழந்த கடற்படைச் சிப்பாய். அவ்வேடத்தில் நடித்த ஹரால்டு ரஸ்ஸல் உண்மையிலேயே ராணுவப் பயிற்சியின்போது வெடி வெடித்துக் கைகளை இழந்தவர். தொழில்முறை நடிகரல்லாத அவருக்கு அந்த ஒரே வேடத்துக்காக இரண்டு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. அந்தப் படத்தில் துப்பாக்கிச் சண்டை கிடையாது. வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கும் மனிதர்களே அதன் கதை.

அப்படி ஒரு படத்தைச் சேலத்தில் யாரேனும் எடுத்திருக்க முடியும் என்றால் அது சுந்தரத்தால் முடிந்திருக்கும். வசதி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கதை நம் கிராமங்களில் திண்ணைதோறும் உட்கார்ந்திருந்தது. அவர் எடுக்கவில்லை. 1947இல் அவர் தந்தது 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி'. கேள்விக்கு விடை சொல்லாதவர் தலையைக் கொய்யும் அரசகுமாரியின் கதை, பெருவெற்றி பெற்றது. பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்று களைத்த மக்கள் மந்திரக் கதையைத்தான் கேட்டார்கள் என்று அவர் கணித்திருக்க வேண்டும். வியாபாரியின் கணிப்பு தவறவில்லை. ஆனால் நம் திரையில் அந்தச் சிப்பாய் ஊர் திரும்பவே இல்லையே என்ற குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

பர்மாவிலிருந்து ஊர் திரும்புகிற கதை தமிழில் வந்தது 1952இல், 'பராசக்தி'யாக. அதில் வருகிற சகோதரர்கள் படைவீரர் அல்லர். பர்மாவில் பிழைக்கப் போன தமிழர். ஒருவன் குண்டுவீச்சில் காலை இழந்து, அகதியாக நடந்து வந்து பிச்சைக்காரனாகிறான். ஹரால்டு ரஸ்ஸலின் இல்லாத கைகளோடு இந்த இல்லாத காலை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அது சுந்தரத்தின் படமல்ல, ஏ.வி.எம். நிலையத்தில் உருவானது. எனினும் அதற்கு வசனம் எழுதியவர் சேலத்தில் பேனா தீட்டியவர். அந்தக் கதைக்கு இப்போது வருகிறேன்.

கவிஞர் கா. மு. ஷெரீப் மூலமாக மு. கருணாநிதி மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வந்தார். குண்டலகேசியின் கதையிலிருந்து அவர் எழுதிய நாடகம் 1950இல் 'மந்திரி குமாரி' என்ற படமாயிற்று. ராஜகுருவின் மகன் கொள்ளைக்காரனாகத் திரிவதையும், குருவின் சொல்லுக்கு மன்னன் ஆடுவதையும் காட்டிய அந்த வசனங்களுக்குக் கொட்டகையில் கிடைத்த கைதட்டல், எம்.ஜி.ஆர். என்ற கதாநாயகனுக்கும் அந்த இளம் எழுத்தாளருக்கும் ஒரே நேரத்தில் வழி திறந்தது. இருவரும் பின்னாளில் முதலமைச்சர்களானார்கள் என்பதை அறியாதார் இல்லை. படத்தை இயக்கத் தொடங்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழே தெரியாமல் 1935இல் வந்து பதினைந்து ஆண்டு தமிழ்ப் படங்கள் எடுத்த அமெரிக்கர். அவர் தாய்நாடு திரும்பிவிட, எஞ்சியதைச் சுந்தரம் முடித்தார்.

அதே ஆண்டில் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியம் 'பொன்முடி'யாக வந்தது. வசனமும் அவருடையதே. 1952இல் 'வளையாபதி'க்கும் பாரதிதாசனே எழுதினார். கண்ணதாசன் கதை இலாகாவில் இருந்தார். 1954இல் 'இல்லற ஜோதி'க்கு வசனம் அவர். ஏ. வி. பி. ஆசைத்தம்பி எழுதிய 'சர்வாதிகாரி' 1951இல் வந்தது. சிவாஜி கணேசன் கெட்டவனாகவே கதாநாயகன் வேடம் ஏற்ற 'திரும்பிப்பார்' 1953இல். இந்தப் பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள். ஏற்காடு அடிவாரத்து மதிலுக்குள் திராவிட இயக்கத்தின் எழுத்துப் பட்டறை ஒன்றே நடந்திருக்கிறது.

ஐந்தாண்டுக்கு முன் சர்க்காருக்காகப் போர்ப் படம் எடுத்தவர் எப்படி எதிர்ப்புக் குரலுக்கு மேடை கொடுத்தார்? கட்சி மேடையேறிக் கொடி பிடித்தவராக அவர் அறியப்படவில்லை. மக்கள் எதைக் கேட்கத் தாகமாக இருக்கிறார்கள் என்பதை அறிந்தார். எழுதத் தெரிந்தவன் யார் என்பதையும் அறிந்தார். ஒருவன் என்ன கொள்கைக்காரன் என்று பாராமல் அவனுக்கு வேலை தெரியுமா என்று பார்த்தார். இதைக் கொள்கையின்மை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அந்தக் கொள்கையின்மை இல்லாதிருந்தால் தமிழ்த் திரை வசனத்தின் வரலாறு வேறு விதமாகப் போயிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைக் கொண்டு 1950இல் எடுத்த 'திகம்பர சாமியா'ரில் எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றினார். வில்லனாகவே நாம் அறிந்த நம்பியார் அதில் கதாநாயகர். 1952இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தையும் எடுத்தார்கள்; ராட்சத யானைகள் வரும் கதை. தமிழில் அது 'காடு'. நல்ல படம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. துணிச்சல் என்று சொல்லலாம்.

1956 பொங்கலுக்கு வந்தது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. கேவா கலரில் எடுக்கப்பட்ட தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். 1961இல் 'கண்டம் பெச்ச கோட்டு' மலையாளத்தின் முதல் வண்ணப் படமாயிற்று. அதையும் அவரே இயக்கினார். மலையாளத்துக்கு முதல் பேச்சைக் கொடுத்த ஊரே முதல் வண்ணத்தையும் கொடுத்தது. நம் மாவட்டத்தின் நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' மட்டும் 1954இல் கோயம்புத்தூர்ப் பட்சிராஜாவுக்குப் போயிற்று. எம்.ஜி.ஆர்., கருணாநிதி இருவரும் இருந்த அந்தப் படம் ஏற்காட்டு மலையில் எடுக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று உள்ளூர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு சிறு பொறாமை.

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவர் பதவி வரை உயர்ந்தபோதும் அவர் சேலத்தை விட்டுப் போகவில்லை. கோடம்பாக்கத்தில் நிலையங்கள் பெருகின. நட்சத்திரங்கள் அங்கே பங்களா கட்டினார்கள். ஒரே நாளில் மூன்று படங்களுக்குக் கால்ஷீட் கொடுக்கும் வழக்கம் வந்தது. சேலத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்கி ஒரே படத்தில் நடிக்க யாருக்கு நேரம் இருக்கும்? கட்டுப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஓட்டத்தை எத்தனை நாள் தடுக்க முடியும் என்பதை அவரும் உணர்ந்திருக்கக்கூடும். நகைச்சுவை நடிகையாக அறியப்பட்ட மனோரமாவைக் கதாநாயகியாக்கி 'கொஞ்சும் குமரி' எடுத்தார்கள். அப்படம் வந்த 1963ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் 30ஆம் நாள், தம் 56ஆம் வயதில் டி. ஆர். சுந்தரம் காலமானார்.

அவருக்குப் பின் மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் துப்பறிவாளராக வரும் 'வல்லவன் ஒருவன்' 1966இலும், 'சி.ஐ.டி. சங்கர்' 1970இலும் வந்தன. விறுவிறுப்பான படங்கள்தாம், வசூலும் தந்தன. ஆனால் பாரதிதாசனும் கண்ணதாசனும் நடமாடிய கதை இலாகாவின் காலம் திரும்பவில்லை. 1980களின் தொடக்கத்தோடு படத் தயாரிப்பு நின்றது. தளங்கள் இடிக்கப்பட்டன, நிலம் வீட்டு மனைகளாயிற்று. பர்மாவாகவும் பாக்தாத்தாகவும் இருந்த அந்த இடத்தில் இப்போது குடித்தனங்கள் நடக்கின்றன. ஏற்காடு சாலையோரத்தில் பெயர் பொறித்த நுழைவு வளைவு ஒன்று மட்டும் நிற்கிறது.